பிள்ளைகள் செய்த காகிதக் கடல்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் குழு ஊக்குநர் ஒருவர் ஆற்றிய உரை)



என்னைப் பேசச் சொன்னபோது கடன் தவணை பற்றித்தான் பேசச் சொல்லுவாங்கன்னு நினைச்சேன். வழக்கமா ஊக்குநருக்கு அதுதான் கொடுப்பாங்க. ஆனா தலைவி அக்கா, "நீ அந்தச் சேலைக் கடலைப் பத்திப் பேசு, அதை எல்லாக் குழுவும் கேக்கணும்"னு சொல்லிட்டாங்க. எனக்கு மேடைப் பேச்சு வராது. நடந்ததை நடந்த மாதிரி சொல்றேன்.

நம்ம குழுக் கூட்டம் மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை சாயங்காலம். அன்றைக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. பிள்ளைகளை வீட்டில் விட்டுட்டு வர ஆள் இல்லை. அதனால எல்லாரும் கையோட கூட்டிட்டு வருவோம். பதினெட்டுப் பேர் கூட்டத்தில் இருபது பிள்ளைகள். ஒரு தடவை சேமிப்புப் பணம் எண்ணும்போது இருநூறு ரூபாய் குறைஞ்சது. மூணு தடவை எண்ணியும் குறைஞ்சது. கடைசியில பார்த்தா ஒரு சின்னப் பிள்ளை நூறு ரூபாய்த் தாள் ரெண்டை எடுத்து மடிச்சு விசிறி செஞ்சு வச்சிருக்கு! அன்றைக்கே தீர்மானம் போட்டாச்சு, கூட்டம் முடியிற வரைக்கும் உறுப்பினர் ஒருத்தர் பிள்ளைகளைத் திண்ணையில் வைத்துப் பார்த்துக்கணும்னு. யார் பார்க்கிறதுன்னு கேட்டப்போ எல்லாரும் தரையைப் பார்த்தாங்க. நான் நிமிர்ந்து பார்த்துட்டேன், அதுதான் நான் செஞ்ச தப்பு. கூட்டக் குறிப்பை அப்போதிருந்து நம்ம பிரதிநிதி எழுதுகிறார்.

முதல் மாசம் கதை சொன்னேன். பத்து நிமிஷம் தாங்கலை. இரண்டாவது மாசம் பீரோவுக்கு மேலே கிடந்த ஒரு கட்டுக் காகிதம் கண்ணில் பட்டது. மருத்துவ முகாமுக்காக அடிச்ச நோட்டீசு, தேதி தப்பாப் போனதால கொடுக்காமக் கிடந்தது. ஒரு பக்கம் வெள்ளை. அதை எடுத்து ஆளுக்கு ஒண்ணு கொடுத்து, "வாங்க, கப்பல் செய்வோம்"னு எனக்குத் தெரிஞ்ச ஒரே காகித வேலையைச் செஞ்சு காட்டினேன். மழைத் தண்ணியில விடுவோமே, அந்தக் கப்பல்.

ஒரு பையன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "இது கப்பல் இல்லை சித்தி, வத்தை"ன்னான். இன்னொருத்தன், "வத்தைக்கு அணியம் இப்படியா இருக்கும்?"னு மூக்கை இன்னும் கூராக்கி மடிச்சான். அப்புறம் வத்தையை எங்கே விடுறதுன்னு கேள்வி வந்தது. தண்ணி வேணும். தண்ணி வந்தா மீன் வேணும். இப்படித்தான் ஆரம்பிச்சது. நான் திட்டம் போட்டு எதையும் தொடங்கலை.

கடலுக்கு எங்க அம்மாவோட பழைய நூல் சேலை ஒண்ணை எடுத்தேன். ஐந்தரை மீட்டர். திண்ணைச் சுவரில் இந்தத் தூணிலிருந்து அந்தத் தூண் வரைக்கும் கட்டினா ஒரு கடல். காகிதம் துணியில் நல்லா ஒட்டும், சுவரும் அழுக்காகாது, கூட்டம் முடிஞ்சா சுருட்டி வச்சிடலாம். அலைக்குப் பழைய தினசரித் தாள். சொட்டு நீலத்தைத் தண்ணியில் கலந்து, தாளின் மேலே துணியால தடவி நிழலில் காயப் போட்டா, ஒரு தாள் வெளிறிப் போயிருக்கும், ஒரு தாள் கருநீலமா இருக்கும். கரை ஓரத்துக்கு வெளிறினது, ஆழத்துக்குக் கருநீலம். இந்த நீலம் போடுற வேலையை மட்டும் முதல் நாள் நானே செஞ்சிடுவேன். சின்னப் பிள்ளைகள் கையை வாயில் வைக்கும். அதே காரணத்துக்காகத்தான் பசையும். போஸ்டர் ஒட்டுறவங்க பூச்சி அரிக்காம இருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் போடுவாங்க. அது விஷம். நம்ம பசையில் அதைப் போடவே கூடாது. மைதாவும் தண்ணியும் மட்டும் போட்டுக் காய்ச்சி, ஆறினதும் அன்றைக்கே தீர்த்துடணும். மிச்சம் வச்சா புளிச்சிடும். பூச்சி வராதான்னா, வந்தது. முதல் தடவை ஒட்டின மீன் எல்லாத்தையும் கரப்பான்பூச்சி தின்னுட்டுப் போச்சு. மூணாம் மாசம் சேலையை விரிச்சா வால் மட்டும் மிச்சம். "பூனை தின்ன மீன் மாதிரி இருக்கு"ன்னு சிரிச்சதுகளே தவிர ஒரு பிள்ளையும் அழலை. இப்போ சேலைக்குள்ள காய்ஞ்ச வேப்பிலை போட்டுச் சுருட்டி வைக்கிறோம். உப்புக்காற்றில் காகிதம் தொய்ஞ்சு போறதுக்குத்தான் வழி தெரியலை. தொங்கவிட்ட மீன் எல்லாம் ஒரு வாரத்தில் தலையைத் தொங்கப் போட்டுடும்.

மீன் செய்யும்போதுதான் எனக்கு அடி விழுந்தது. நான் புத்தகத்தில் பார்த்த மாதிரி வட்டமா ஒரு தாளை வெட்டி, ஓரத்தில் ஒரு முக்கோணம் வெட்டி எடுத்து வாய் வச்சு, அந்த முக்கோணத்தையே பின்னாடி ஒட்டி வால் ஆக்கினேன். சுலபமான வேலை. எந்த ஊர்ப் பிள்ளையா இருந்தாலும் கை தட்டியிருக்கும். நம்ம பிள்ளைகள், "இது என்ன மீனு?"ன்னு கேட்டதுகள். "சும்மா மீனுதான்"னேன். "சும்மா மீனுன்னு ஒரு மீனு கிடையாது சித்தி"ன்னு ஆறு வயசுப் பிள்ளை சொல்லுது. காரலா, பாறையா, சீலாவா, ஊளியா? ஒண்ணைச் சொல்லுங்கன்னா என்னத்தைச் சொல்ல. நான் கட்டிக்கொண்டு வந்தது உள்நாட்டு ஊரிலிருந்து. எனக்குக் குழம்பில்தான் மீன் தெரியும்.

அதுக்கப்புறம் நான் வாத்தியார் வேலையை விட்டுட்டேன். பிள்ளைகள் சொல்ல, நான் வெட்டிக் கொடுத்தேன். வாளைக்குத் தினசரித் தாளை நீளவாக்கில் நாடா மாதிரிக் கிழிச்சு, கல்யாணப் பத்திரிகை உள்ளே வர்ற வெள்ளிக் காகிதத்தை ஒட்டினோம். அசல் வாளை மாதிரியே மின்னியது. திருக்கைக்குப் பட்டம் மடிச்சு, ஈர்க்குச்சி வால். முரலுக்கு ரெண்டு பக்கமும் கூரா ஒரு குழல். பேத்தை மீனுக்குத் தாளைக் கசக்கி உருண்டையாக்கி, மேலே வெள்ளைத் தாள் சுத்தி, முள்ளுக்கு ஈர்க்குச்சியை ஒடிச்சு ஒடிச்சுக் குத்தினதுகள். பேத்தையைப் பயம் காட்டினாத்தான் ஊதும், சும்மா இருக்கும்போது சாதா மீன் மாதிரித்தான் இருக்கும், அதனால ரெண்டு பேத்தை செய்யணும்னு ஒரு சண்டை. ரெண்டும் செஞ்சோம். நண்டுக்கு நான் எட்டுக் கால் வச்சேன். கொடுக்கைச் சேர்த்தா பத்துன்னு திருத்தினாங்க. கணவாய்க்கும் பத்து. எட்டுக் கைன்னா அது பேய்க்கணவாய். கடல்குதிரையில் ஆண்தான் முட்டையைப் பையில் வச்சுச் சுமக்கும்னு ஐந்தாம் வகுப்புப் பிள்ளை சொன்னப்போ, உள்ளே கூட்டத்திலிருந்து ஒரு மதினி, "அந்தக் குதிரையை நம்ம ஊருக்குக் கூட்டிட்டு வாங்கத்தா"ன்னு சத்தம் போட்டாங்க. அன்றைக்குக் கடன் மனு பரிசீலனை அரை மணி நேரம் தாமதம்.

ஆமைக்குச் சிரட்டை. சிரட்டையின் முதுகில் தேங்காயெண்ணெய் தடவி, கிழிச்ச தினசரித் தாளைப் பசையில் நனைச்சு ஒண்ணுக்கு மேலே ஒண்ணா ஐந்தாறு அடுக்கு ஒட்டி, ரெண்டு நாள் வெயிலில் வைக்கணும். காய்ஞ்சதும் சிரட்டையைத் தட்டி எடுத்தா ஓடு தனியா வந்துடும். எண்ணெய் தடவ மறந்தா வராது. அதையும் ஒரு தடவை பட்டுத்தான் படிச்சேன். ஓட்டுக்குப் பச்சை நிறம் அடிக்கப் போனேன். டி.வி.யில் அப்படித்தானே காட்டுறாங்க. கரையில் முட்டை வைக்க வர்ற பங்குனி ஆமை சாம்பலும் பச்சையும் கலந்த மங்கல் நிறம்னு ஒரு பையன் அடுப்புச் சாம்பலைக் கொண்டு வந்து கலந்து காட்டினான். அவன் ராத்திரி தாத்தாவோட கரையில் நின்று முட்டை இடுறதைப் பார்த்தவன். குழியில் நூறு முட்டை அளவு இருக்கும், ஐம்பது நாள் வாக்கில் பொரிக்கும், குஞ்சு வெளிச்சத்தைப் பார்த்து நகரும், அதனால அந்தப் பக்கம் டார்ச் அடிக்கக் கூடாதுன்னு அவன் சொல்லச் சொல்ல மத்த பிள்ளைகள் கத்தரிக்கோலைக் கீழே வச்சுட்டுக் கேட்டதுகள். அதே பையன் பள்ளிக்கூடத்தில் வாயே திறக்க மாட்டான்னு அவன் அம்மா எங்கிட்டக் குறைப்பட்டிருக்கிறாள்.

கடல்பசு செய்யணும்னு ஆசை வந்தது. நம்ம பெரியவங்க ஆவுளியான்னு சொல்றது. வங்கியிலிருந்து வர்ற பெரிய காக்கிக் கவருக்குள்ளே கசக்கின தாளைத் திணிச்சு, வாய்ப்பக்கத்தை மடக்கி ஒட்டினா அச்சு அசல் ஆவுளியா. (வங்கி சார் மன்னிக்கணும். கடிதத்தைப் பத்திரமா எடுத்து வச்சிட்டுத்தான் கவரை எடுத்தோம்.) அதைச் சேலையில் எங்கே வைக்கிறதுன்னு பிள்ளைகளுக்குத் தெரியலை. யாரும் நேரில் பார்த்ததில்லை. எங்க மாமியாரைக் கேட்டேன். அந்தக் காலத்தில் வலையில் மாட்டினா அறுத்துப் பங்கு போடுவாங்க, மாட்டுக் கறி மாதிரி இருக்கும்னு சொன்னாங்க. பிள்ளைகள் முகம் சுருங்கிப் போச்சு. இப்போ அதைப் பிடிக்கிறது சட்டப்படி குற்றம். 2022-ஆம் ஆண்டு தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடல் ஓரத்தில் 448 சதுர கிலோமீட்டரை அதுக்காகவே காப்பகமா அறிவிச்சிருக்காங்க. வலையில் மாட்டினா நம்ம ஆளுகளே அறுத்து விடுறாங்க. வலையைச் சொல்றேன். அது கடல்புல் மேயும், மூச்சு வாங்க மேலே வரும். அதனால அடியில் பச்சைத் தாளில் புல் ஒட்டி, மூக்கு மட்டும் மேலே பார்க்கிற மாதிரி வச்சோம்.

பாருக்கு, அதாங்க, பவளப்பாறைக்கு, முட்டை அட்டை. அதைப் பிய்ச்சுக் கவிழ்த்து மஞ்சள் தண்ணியும் பீட்ரூட் தண்ணியும் தடவினா போதும். அதுக்கு மேலே தீவுகள். மன்னார் வளைகுடாவில் 21 தீவுன்னு பள்ளிக்கூடத்தில் படிச்சிருக்குதுகள். மண்டபம் பக்கம் ஏழு, கீழக்கரைப் பக்கம் ஏழு, வேம்பார் பக்கம் மூணு, தூத்துக்குடிப் பக்கம் நாலு. 1986-இல் தேசியப் பூங்காவா அறிவிச்சாங்க. பழுப்பு அட்டையில் 21 தீவை வெட்டி, பேரெழுதி, வரிசையா ஒட்டிக்கிட்டிருந்தோம். அப்போ தடைக்காலம். ஏப்ரல் 15-இலிருந்து 61 நாள் விசைப்படகு போகாது, பள்ளிக்கூடமும் லீவு, அதனால ஆம்பளைகளும் சும்மா வந்து திண்ணையில் உட்காருவாங்க. ஒரு தாத்தா பீடியை அணைச்சுட்டுக் கிட்ட வந்து பார்த்தார். "இதில ரெண்டு இப்போ இல்லையேப்பா"ன்னார். பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் தண்ணிக்குள்ளே போயிடுச்சு. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பாரை வெட்டி வெட்டி எடுத்ததால அலையைத் தடுக்க ஒண்ணும் இல்லாம மண் கரைஞ்சு போச்சு. "யாரு தாத்தா வெட்டினாங்க?"ன்னு ஒரு பிள்ளை கேட்டுச்சு. அவர் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "நாங்கதான்"னார்.

அந்த ரெண்டு அட்டையைத் தூக்கிப் போட்டுடலாமான்னு கேட்டேன். வேண்டாம்னுட்டாங்க. நீலத் தாளுக்கு மேலே ஒட்டாம, அடியில் வச்சு ஒட்டினாங்க. இப்பவும் சேலையைப் பின்னாடி வெளிச்சம் படுற மாதிரிப் பிடிச்சா ரெண்டு நிழல் தெரியும்.

இனி சொல்லப் போறதுக்கு அந்தத் தங்கச்சிகிட்ட அனுமதி கேட்டுட்டேன். பேர் சொல்ல மாட்டேன்.

நம்ம குழுவில் ஒரு உறுப்பினர். வீட்டுக்காரர் தொழிலுக்குப் போன இடத்தில் கடலோட போயிட்டார். ஒரே பையன், ஒன்பது வயசு. அவள் பாசிக்குப் போய்த்தான் அவனைப் படிக்க வைக்கிறாள். அவன் செஞ்ச வள்ளம்தான் எல்லாத்திலும் நல்லா இருக்கும். பாய், பாய்மரம், நங்கூரம், ஒரு சின்ன நூலில் பின்னின வலை எல்லாம் இருக்கும். ஒரு சனிக்கிழமை கூட்டத்தில் அவள் எழுந்து நின்னு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அக்கா, எம்மவன் கடலுக்குப் போகக் கூடாதுன்னுதான் நான் சங்கத்தில் கடன் வாங்கி டியூசன் அனுப்புறேன். நீ மாசா மாசம் அவன் கையில் வள்ளத்தைக் கொடுத்து அனுப்புற. ராத்திரி அதைத் தலைமாட்டில் வச்சுக்கிட்டுத் தூங்குறான். நான் அதைப் பார்த்துக்கிட்டுத் தூங்கணுமா?"

கூட்டமே அமைதியாயிடுச்சு. எனக்குப் பதில் வரலை. காகிதம்தானே தங்கச்சின்னு சொல்ல வாய் வந்தது, நல்லவேளை சொல்லலை. அடுத்த ரெண்டு மாசம் பையன் வரலை. நான் வீட்டுக்குப் போனேன். டீ போட்டுக் கொடுத்தாள். கடைசியில, "வரட்டும், ஆனா வள்ளம் மட்டும் செய்யச் சொல்லாதே"ன்னாள். சரின்னேன். அவனும் வந்தான். சொறி செஞ்சான். அரைவட்டத் தாளைக் குடை மாதிரி மடக்கி அடியில் நாடா நாடாவாத் தொங்கவிடுறது. வள்ளத்தைத் தொடலை. மத்த பிள்ளைகள் கேட்டா, "எனக்கு வராது"ன்னு சொல்லிடுவான். அதைக் கேக்க எனக்குத்தான் ஒரு மாதிரி இருக்கும்.

கண்காட்சிக்கு ரெண்டு வாரம் இருந்தப்போ சேலை முழுக்க நிறைஞ்சாச்சு. நான் எண்ணினேன். பதினாலு படகு. ஒவ்வொரு படகிலும் காகித மனுசன், கைலியும் தலைத்துண்டுமா. அப்பா, சித்தப்பா, மாமா, தாத்தா. பார்த்துக்கிட்டே இருந்தவளுக்குத் திடீர்னு உறைச்சது. இத்தனை பெரிய கடலில் ஒரு பொம்பளை இல்லை. அந்தத் திண்ணையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் பாதிக்கு மேலே அம்மா கடலுக்குள்ளே முங்கித்தான் சோறு போடுறாங்க. கழுத்தளவு தண்ணியில் நின்னு, மூச்சைப் பிடிச்சு உள்ளே போய், பாறையைப் பிடிச்சுக்கிட்டு மரிக்கொழுந்துப் பாசியைப் பறிக்கிறது யாரு? கட்டக்கோரையை அள்ளிக்கிட்டு வர்றது யாரு?

"அம்மாவை எங்கடா காணோம்?"னு கேட்டேன். எட்டு வயசுப் பிள்ளை நிமிராமச் சொன்னாள்: "அம்மா கடலுக்குப் போகாது சித்தி. பாசிக்குத்தானே போகும்."

அந்தப் பிள்ளை மேலே எனக்குக் கோபம் வந்தது உண்மை. நாலு வார்த்தை சொல்லவும் செஞ்சேன். ராத்திரி வீட்டுக்கு வந்து, கணக்கு முடிக்க உறுப்பினர் பதிவேட்டை எடுத்தேன். பேர், வயசு, கணவர் பேர், அடுத்தது தொழில். நம்ம குழுவில் பதினெட்டுப் பேர். பதினோரு பேர் பாசிக்குப் போறவங்க. அந்தப் பதினோரு பேரில் ஒன்பது பேருக்கு எதிரே "வீட்டு வேலை"ன்னு இருக்கு. ரெண்டு பேருக்கு "கூலி". எழுதினது யாரு? நான். என் கையெழுத்து. பல வருசத்துக்கு முன்னாடி ஒவ்வொருத்தரையும் எதிரே உட்கார வச்சுக் கேட்டு எழுதினது. அவங்க என்ன சொன்னாங்கன்னு நினைச்சுப் பார்த்தேன். "சும்மா வீட்டுல இருக்கேன்னு போடு"ன்னு சொன்னாங்க. விரலெல்லாம் வெட்டுக்காயத்தோட வந்து உட்கார்ந்து அதைத்தான் சொன்னாங்க. நானும் அந்த விரலைப் பிடிச்சு ரேகை வாங்கிட்டு, அதைத்தான் எழுதினேன். இதே நான் எட்டு வயசுப் பிள்ளையை அதட்டியிருக்கேன்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. கூட்டம் இல்லைன்னாலும் பிள்ளைகளைக் கூப்பிட்டேன். பிள்ளைகிட்ட மன்னிப்புக் கேட்கத் தெரியலை, கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். அம்மாவைச் செய்வோம்னேன். கைலி கட்டின மனுசனைக் காகிதத்தில் செய்றது சுலபம். அம்மாதான் கஷ்டமாப் போச்சு. ஏன்னா எல்லாப் பிள்ளைக்கும் அம்மா எப்படிக் கிளம்புவாங்கன்னு தெரியுது, சின்னதைக்கூட விட மாட்டேங்குதுகள். சேலைக்கு மேலே அப்பாவோட பழைய முழுக்கைச் சட்டை. கண்ணாடிக்கு மிட்டாய்த் தாள். இடுப்பில் வலைப்பை, அதுக்குப் பூண்டு வர்ற வலையைக் கத்தரிச்சோம். காலில் கட்டுற அலுமினியத் தட்டுக்கு மாத்திரை அட்டையின் பின்பக்கம். விரலில் சுத்துற துணிக்கு மட்டும் காகிதம் வேண்டாம், நிசத் துணிதான் வேணும்னு ஓடிப்போய் அவங்கவங்க அம்மா கொடியில் காயப்போட்டிருந்த கந்தலிலிருந்து ஒரு இணுக்குக் கிழிச்சிட்டு வந்துட்டாங்க. அதுக்கு அன்றைக்குச் சாயங்காலம் வாங்கிக் கட்டிக்கிட்டது தனிக் கதை.

எப்படி ஒட்டுறதுன்னு நான் யோசிக்கவே இல்லை. நிக்கிற மாதிரிதான்னு நினைச்சேன். முதல் நாள் என்கிட்ட அதட்டு வாங்கின பிள்ளைதான் தன்னோட அம்மாவை வாங்கித் தலைகீழா, கால் மேலே தட்டு தெரியுற மாதிரி, கை முட்டை அட்டைப் பாறையைத் தொடுற மாதிரி வச்சாள். "இப்படித்தான் போகும்"னாள். அப்புறம் எல்லாரும் அப்படியே வச்சாங்க. பதினோரு பொம்பளைகள் சேலையோட அடிப்பக்கத்தில் தலைகீழா.

கண்காட்சி அன்றைக்கு அந்தத் தங்கச்சியும் வந்தாள். அவள் மகன் செஞ்சது ஒரு ஓரத்தில், மத்தவங்களைவிட ஆழத்தில் இருந்தது. ரொம்ப நேரம் நின்னு பார்த்தாள். நான் பக்கத்தில் போகப் பயந்து தள்ளி நின்னேன். அவள் குனிஞ்சு அந்தக் காகித விரலில் இருந்த துணியைப் பிரிச்சாள். "இப்படிச் சுத்தினா முதல் முங்கிலேயே அவுந்துரும்டா"ன்னு மகனைக் கூப்பிட்டு, நடுவிரலிலிருந்து தொடங்கி, சுத்தி, மணிக்கட்டில் முடிச்சுப் போடுறதைச் செஞ்சு காட்டினாள். அவன் கையிலேயே ஒரு தடவை சுத்திக் காட்டினாள். அதுக்கப்புறம் சோத்துக்கு நேரமாச்சுன்னு கூட்டிட்டுப் போயிட்டாள். வள்ளத்தைப் பத்தி அவளும் பேசலை, நானும் கேக்கலை. பையன் இன்னைக்கு வரைக்கும் வள்ளம் செய்றதில்லை. அவள் அன்றைக்குக் கேட்ட கேள்விக்கு என்கிட்ட இன்னும் பதில் இல்லை.

பதிவேட்டை மட்டும் திருத்திட்டேன். ஒன்பது இடத்திலும் ரெண்டு இடத்திலும் சிவப்பு மையால ஒரு கோடு போட்டு, "கடல்பாசி சேகரிப்பு"ன்னு எழுதி, ஓரத்தில் கையெழுத்தும் தேதியும் போட்டு, கூட்டத்தில் வாசிச்சுத் தீர்மானமா ஏத்தியாச்சு. வாசிச்சப்போ ஒரு மதினி, "அப்போ நாங்க இத்தனை வருசமா சும்மாவா இருந்தோம்?"னு கேட்டுச் சிரிச்சாங்க. எல்லாரும் சிரிச்சோம். இங்கே இருக்கிற மத்தக் குழு ஊக்குநர்களையும் கேட்டுக்கிறேன். இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் உங்க பதிவேட்டில் அந்த ஒரு கட்டத்தை மட்டும் திறந்து பாருங்க. பாசி மட்டும் இல்லை, கருவாடு காயப் போடுறவங்க, மீன் கூடை தூக்குறவங்க, வலை கட்டுறவங்க எல்லாரும் உங்க ஏட்டில் எதுவா இருக்காங்கன்னு பாருங்க.

இப்போ பொருளாளர் அக்கா முகத்தைப் பார்த்தா செலவுக் கணக்கு எப்போ வரும்னு காத்திருக்கிற மாதிரி இருக்கு. மாசம் 300 ரூபாய்க்குள்ள. மைதா, சொட்டு நீலம், நூல், நாலு கத்தரிக்கோல் ஒரு தடவை வாங்கினது. மத்ததெல்லாம் குப்பை. கலர்த் தாள் வாங்கலாம்னு ஒரு யோசனை வந்தது, வேண்டாம்னு நானே சொல்லிட்டேன். சொட்டு நீலத்தில் வர்ற கடல் கடையில் வாங்குற தாளில் வராது. ஜிகினாத் தூளும் தெர்மாகோலும் மட்டும் யாரும் கொடுத்து அனுப்பாதீங்க. பிள்ளைகளுக்கு மினுமினுப்பு பிடிக்கும்தான். ஆனா ஜிகினாவும் பிளாஸ்டிக்தான், தெர்மாகோல் பிஞ்சு பிஞ்சு பறந்து திண்ணையிலிருந்து நேரா கரைக்குத்தான் போகுது. ஒரு தடவை பயன்படுத்தி, அடுத்த நாள் அந்த வெள்ளை உருண்டைகளை அலை ஓரத்தில் பொறுக்கிக்கிட்டு நின்னோம். காகித மீனுக்காக நிச மீனுக்கு வினை வைக்க வேண்டாம்.

திண்ணையில் நான் மட்டும் இருந்தா போதாது. முறை வச்சு மாசம் ஒரு ஆள் கூட வந்தா நல்லது. கத்தரிக்கோல் இருக்கிற இடத்தில் ரெண்டு கண் பத்தாது. வர்ற இரண்டாவது சனிக்கிழமை சங்கு செய்யப் போறோம். தாளைக் கூம்பாச் சுருட்டிச் சுருட்டிப் பார்த்தாச்சு, எனக்கு இன்னும் சரியா வரலை. சுழி எந்தப் பக்கம் போகணும்னு பிள்ளைகளே சண்டை போட்டுக்கிட்டிருக்குதுகள். சங்கு குளிக்கப் போன பெரியவங்க யார் வீட்டிலாவது இருந்தா அனுப்பி வைங்க. முட்டை அட்டை, பழைய கல்யாணப் பத்திரிகை, நூல் சேலை இன்னொண்ணு இருந்தா கொண்டு வாங்க. பழைய சேலையில் இடம் இல்லை.